முடிந்தது என்று எப்படித் தெரியும்?

2022 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் உலகத்தின் சதுரங்க ஆட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள். 44ஆவது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து எடுக்கப்பட்டு, சில மாத அவகாசத்தில் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் 11 சுற்றுகள் ஆடின. பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற இந்திய ஆட்டக்காரர் குகேஷை உலகம் அந்த நாட்களில்தான் நிமிர்ந்து பார்த்தது.

அரங்குக்குள் சென்றவர்கள் கொஞ்சம் பேர். மற்ற எல்லோரும் கைபேசியிலும் கணினியிலும்தான் பார்த்தார்கள். நகர்த்தல்களை நேரலையாக அனுப்ப, இத்தகைய போட்டிகளில் மின்னணுப் பலகைகள் பயன்படுகின்றன. ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு சிறிய மின்சுருள் இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்தக் காய் நிற்கிறது என்பதைப் பலகையே உணர்ந்து கணினிக்குச் சொல்லும். குதிரை நகர்ந்தால் செய்தி, யானை வெட்டுப்பட்டால் செய்தி.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. உயர்மட்ட ஆட்டங்களில் பெரும்பாலானவை ராஜாவை மடக்கி முடிவதில்லை. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்வார்; அல்லது இருவரும் சமநிலைக்குச் சம்மதித்துக் கைகுலுக்குவார்கள். கைகுலுக்கலைப் பலகை உணராது. காய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். தொலைவில் இருக்கும் கணினிக்குத் தெரிவது அசையாத ஒரு பலகை மட்டும். ஆட்டக்காரர் ஒரே நகர்த்தலுக்கு அரை மணி நேரம் யோசிக்கும்போதும் பலகை அதேபோல்தான் அசையாமல் இருக்கும். யோசனையா, முடிவா? காத்திருந்து பார்த்தால் விடை கிடைக்காது.

இதற்குச் சதுரங்க உலகம் கண்ட தீர்வு அழகானது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் எடுத்துப் பலகையின் நட்ட நடுவில் உள்ள நான்கு கட்டங்களில் வைக்க வேண்டும். வெள்ளை வென்றால் இரு ராஜாக்களும் நடுவிலுள்ள இரண்டு வெள்ளைக் கட்டங்களில். கறுப்பு வென்றால் இரண்டு கறுப்புக் கட்டங்களில். சமநிலை என்றால் ஒன்று வெள்ளையில், மற்றொன்று கறுப்பில். பலகை அதைப் படித்து, ஆட்டம் முடிந்தது, முடிவு இது என்று அறிவித்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு ராஜாக்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நிற்பதைச் சதுரங்க விதி ஒருபோதும் அனுமதிக்காது. ஆகவே ஆட்டத்தின் நடுவில் தற்செயலாக இந்த நிலை தோன்றவே முடியாது. முடிவைச் சொல்லும் குறி, சாதாரணத் தகவலோடு குழம்பாத ஒன்றாக இருக்கிறது. அந்தக் குறி தனி வழியில் போகவும் இல்லை. நகர்த்தல்கள் போன அதே கம்பியில், கடைசி நகர்த்தலுக்குப் பின்னால் போகிறது.

அதே போட்டியைக் காணொளியாகப் பார்த்தவர்களின் கைபேசிக்குள்ளும் இதே கேள்வி எழுந்தது. காணொளியை விரிக்கும் சிப்புக்கும், அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளுக்கும், ‘இதுதான் கடைசிப் படம்’ என்று யார் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னது போய்ச் சேர்ந்ததை எப்படி அறிவது? சிறிய கேள்வி போலத் தோன்றும். கணினிப் பொறியாளர்கள் இதற்கு ஒழுங்கான விடை காணப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த விடைதான் இந்த அத்தியாயம்.

மௌனம் முடிவல்ல

நேரலைக் காணொளி இணையத்தில் ஒரே நீளமான கோப்பாக வருவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். என்ற முறை இன்று பரவலாகப் புழங்குகிறது. அதில் காணொளி சில விநாடி நீளத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. எந்தெந்தத் துண்டுகள் தயார் என்ற பட்டியலைச் சர்வர் வைத்திருக்கும். கைபேசி அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் புதிய துண்டுகளை எடுத்துக்கொள்ளும்.

பட்டியலில் புதிய துண்டு வரவில்லை என்றால் என்ன பொருள்? நிகழ்ச்சி முடிந்திருக்கலாம். ஒளிபரப்புக் கணினிக்கு மின்சாரம் போயிருக்கலாம். இணைப்பு திணறிக்கொண்டிருக்கலாம். மூன்றும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். எனவே எச்.எல்.எஸ். முறை தெளிவாக ஒரு விதி வைத்தது: பட்டியலில் ‘இத்துடன் பட்டியல் முடிந்தது’ என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். அந்த வரி இல்லாதவரை கைபேசி கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இப்படி வெளிப்படையாகச் சொல்லாமல் நேரக் கணக்கை வைத்து ஊகிக்க முயன்றவர்கள் உண்டு. ‘இரண்டு விநாடி எதுவும் வராவிட்டால் முடிந்ததாக வைத்துக்கொள்’ என்று நிரலில் எழுதிவிடுவார்கள். வேகமான கைபேசியில் இது வேலை செய்யும். பழைய கைபேசியில், சூடேறி மெதுவான சிப்பில், இரண்டு விநாடிக்குப் பிறகு வரவேண்டிய படம் வெட்டுப்பட்டுப் போகும். காத்திருப்பை 10 விநாடியாக்கினால், முடிந்த காணொளிக்காகப் பார்வையாளர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சரியான நேர அளவு என்று ஒன்று கிடையாது. பூஞ்சேரியில் யோசித்துக்கொண்டிருந்த ஆட்டக்காரருக்கு எவராலும் காலக்கெடு வைத்து முடிவை ஊகிக்க முடியாதது போலத்தான் இதுவும்.

முடிவு என்பது தகவல் இல்லாத நிலை அல்ல; முடிவே ஒரு தகவல். மற்றத் தகவல்களைப் போல அதையும் ஒருவர் உருவாக்க வேண்டும், அனுப்ப வேண்டும், இன்னொருவர் பெற்றுக்கொள்ள வேண்டும். இணையத்தின் அடித்தளமான டி.சி.பி. விதிமுறை 1981இலேயே இதை உணர்ந்திருந்தது. அதில் அனுப்பப்படும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. ‘என் பேச்சு முடிந்தது’ என்ற குறிக்கும் அதே வரிசையில் ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் வழியில் பொட்டலங்கள் முன்பின்னாக வந்தாலும், முடிவுக் குறி தனக்கு முந்தைய தகவலைத் தாண்டிப் போய்விட முடியாது.

சிப்புக்குள் தங்கிவிடும் படங்கள்

நேரலைப் பட்டியல் முடிந்துவிட்டது, கடைசித் துண்டும் கைபேசிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டை, காணொளியை விரிக்கும் டிகோடர் என்ற சிப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை. கொடுத்தது எல்லாம் இன்னும் வெளியே வரவில்லை. அதற்குக் காரணம் காணொளிச் சுருக்கத்தின் உள்ளேயே இருக்கிறது.

2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையையும், 2013இல் அதைத் தொடர்ந்து வந்த எச்.இ.வி.சி. முறையையும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமித்தால் இடம் போதாது. எனவே சில படங்கள் மட்டும் முழுதாக இருக்கும். மற்றவை ‘அந்தப் படத்திலிருந்து இவ்வளவு மாற்றம்’ என்று வேறுபாட்டை மட்டும் சுமக்கும். அதிலும் ஒரு வகைப் படம் தனக்கு முன்னால் உள்ள படத்தையும் பின்னால் வரப்போகும் படத்தையும் சேர்த்தே சார்ந்திருக்கும். பின்னால் காட்ட வேண்டிய படம் முன்கூட்டியே டிகோடரின் கையில் இருந்தால்தான் இதை விரிக்க முடியும்.

அதனால் திரையில் 1, 2, 3, 4 என்று வர வேண்டிய படங்கள், கோப்பில் 1, 4, 2, 3 என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கும். டிகோடர் முதலில் 1ஐ விரிக்கும். அடுத்து 4ஐ விரித்துக் கையில் வைத்துக்கொள்ளும், காட்டாது. பிறகு 2ஐயும் 3ஐயும் விரித்து வெளியே தரும். இப்போது 4ஐத் தரலாமா?

நமக்கு விடை வெளிப்படையாகத் தெரிகிறது. டிகோடருக்குத் தெரியாது. எச்.264இல் படங்களின் காட்சி எண்கள் ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடையில் விட்டுப் போகலாம். 3க்கும் 4க்கும் நடுவே காட்ட வேண்டிய ஒரு படம் இனிமேல் வரக்கூடும். அவசரப்பட்டு 4ஐக் கொடுத்துவிட்டால் பின்னால் வருவது வரிசை தப்பிப் போகும். எனவே டிகோடர் 4ஐப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த தகவலுக்குக் காத்திருக்கும். எச்.264 முறையில் இப்படி 16 படங்கள் வரை தங்க இடமுண்டு. விநாடிக்கு 30 படங்கள் ஓடும் காணொளியில் 16 படங்கள் என்றால் அரை விநாடிக்கும் மேல்.

முடிவு அறிவிக்கப்படாவிட்டால் இந்தப் படங்கள் சிப்பின் நினைவகத்திலேயே கிடந்து அழியும். அரை விநாடிதானே என்று தோன்றலாம். திருமணக் காணொளி தொகுப்பவர் 300 சிறு துண்டுகளை ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நான்கு படங்கள் காணாமல் போனால் மொத்தம் 1,200 படங்கள். விநாடிக்கு 25 படங்கள் என்ற கணக்கில் 48 விநாடி. ஒலி முழுதாக இருக்கும், படம் குறைந்திருக்கும்; மங்கல இசையும் தாலி கட்டும் காட்சியும் வேறு வேறு நேரத்தில் வரும். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் எக்கோ சோதனைக் காணொளி சில விநாடிகளே நீளும். அதில் கால் விநாடி தொலைவது மருத்துவருக்குப் பெரிய இழப்பு. இன்னும் கடுமையான நிலையும் உண்டு. ஒரே ஒரு படம் மட்டும் உள்ள காணொளிக் கோப்பைக் கொடுத்து, முடிவைச் சொல்லாமல் விட்டால், டிகோடர் எதையுமே காட்டாமல் போகலாம். அந்த ஒரு படத்தையும் அடுத்ததை எதிர்பார்த்துப் பிடித்து வைத்திருக்கும்.

எச்.264இல் முடிவைக் குறிக்கத் தனி அடையாளம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தகவல் அலகுகளுக்கு வகை எண்கள் உண்டு. 10ஆம் வகை ஒரு தொடரின் முடிவையும், 11ஆம் வகை முழு ஓட்டத்தின் முடிவையும் குறிக்கும். பைட் ஓட்ட வடிவில் ஒவ்வொரு அலகும் சுழி, சுழி, ஒன்று என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். படத் தகவலுக்குள் தற்செயலாக இந்த வடிவம் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, அப்படித் தோன்றும் இடங்களில் 3 என்ற பைட்டைச் செருகி வைப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ராஜாக்களின் தத்துவம் இங்கேயும் இருக்கிறது: குறியும் தகவலும் குழம்பக் கூடாது. ஆனால் முடிவு அலகை எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலகில் உள்ள கோப்புகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. கோப்பு தீர்ந்துவிட்டது என்பது அதைப் படிக்கும் செயலிக்குத் தெரியும். சிப்பை இயக்கும் டிரைவருக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லியாக வேண்டும்.

சொல்லும் முறை வளர்ந்த கதை

லினக்ஸ் இயங்குதளத்தில் கேமரா, டிவி கார்டு, காணொளிச் சிப்பு ஆகியவற்றோடு செயலிகள் பேசுவதற்கு வி4எல்2 என்ற பொது இடைமுகம் இருக்கிறது. டிகோடருக்கு இதில் இரண்டு வரிசைகள். ஒன்றில் செயலி, சுருக்கப்பட்ட தகவலைப் பஃபர் என்ற தற்காலிக நினைவக இடங்களில் நிரப்பி உள்ளே தள்ளும். மற்றொன்றில் காலிப் பஃபர்களைக் கொடுத்து வைக்கும்; டிகோடர் விரித்த படங்களை அவற்றில் நிரப்பித் திருப்பித் தரும். இரண்டு வரிசைகளும் தனித்தனி வேகத்தில் ஓடும். உள்ளே ஒரு பஃபர் போனால் வெளியே ஒரு படம் வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

முடிவைச் சொல்ல முதலில் புழங்கிய வழிகளில் ஒன்று, காலிப் பஃபரை உள்ளே அனுப்புவது. யூனிக்ஸ் மரபில் கோப்பைப் படிக்கும்போது சுழி பைட் கிடைத்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். அதே பழக்கத்தில் சாம்சங்கின் எக்ஸினோஸ் சிப்புகளுக்கான டிரைவர் போன்றவை, சுழி பைட் கொண்ட பஃபர் வந்தால் அதை முடிவு என்று எடுத்துக்கொண்டன. ஆனால் வி4எல்2 உலகில் சுழிக்கு ஏற்கெனவே வேறொரு பொருள் இருந்தது. எத்தனை பைட் நிரப்பினோம் என்று குறிப்பிட மறந்த செயலிகளுக்காக, சுழி என்றால் ‘பஃபர் முழுதும் நிரம்பியது’ என்று பொதுக் கட்டமைப்பு எடுத்துக்கொண்டது. ஒரே எண்ணுக்கு ‘முழுதும்’ என்றும் பொருள், ‘ஒன்றுமில்லை’ என்றும் பொருள். பழைய டிரைவர்களுக்காகத் தனி விதிவிலக்கு எழுதி இதைச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

வெளியே வரும் பக்கத்திலும் ஒரு கோளாறு இருந்தது. டிகோடர் எல்லாவற்றையும் விரித்து முடித்ததும் ‘ஓட்டம் முடிந்தது’ என்ற நிகழ்வுச் செய்தியைச் செயலிக்கு அனுப்பும். நிகழ்வுச் செய்திகள் வருவது வேறொரு வழியில். படங்கள் வருவது பஃபர் வரிசையில். செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டால், செயலி கடையைக் கட்டிவிடும். வரிசையில் எடுக்கப்படாமல் நின்ற கடைசிப் படங்கள் வீணாகும். வேகமான கணினியில் ஒருபோதும் தென்படாமல், சுமை ஏறிய கணினியில் எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பிழை இது. இத்தகைய பிழைகளைப் பிடிப்பதுதான் பொறியாளர்களுக்கு மிகக் கடினம்.

இதற்குச் சரியான விடை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் செங்கல்பட்டுச் சந்திப்பில் நின்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம். விழுப்புரம், அரக்கோணம், சென்னை என்று மூன்று பக்கமும் பாதை பிரியும் நிலையம் அது. விரைவு ரயில் ஒன்று கடக்கும்போது அதன் கடைசிப் பெட்டியின் பின்புறத்தைக் கவனியுங்கள். ‘எல்.வி.’ என்று எழுதிய ஒரு பலகை தொங்கும். இரவில் சிவப்பு விளக்கு எரியும். கடைசிப் பெட்டி என்பதற்கான அடையாளம் அது. இரு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரே ரயில் என்ற முறையில் ஓடும் தடங்களில், ரயில்வே ஊழியர்கள் அந்தப் பலகையைக் கண்ணால் கண்ட பிறகுதான் ரயில் முழுதாக வந்து சேர்ந்ததாக ஏற்றுக்கொள்வார்கள். பலகை இல்லாமல் ரயில் கடந்தால், இணைப்பு அறுந்து சில பெட்டிகள் பாதையிலேயே நிற்கின்றனவோ என்ற எச்சரிக்கையோடு, அடுத்த ரயிலை அந்தப் பாதையில் விடாமல் நிறுத்துவார்கள். அச்சுகளை எண்ணும் கருவிகள் வந்த தடங்களில் இந்த வேலையைக் கருவி செய்கிறது. தத்துவம் மாறவில்லை. ‘ரயில் முழுதாக வந்துவிட்டது’ என்று புறப்பட்ட நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னால் போதாது. கடைசிப் பெட்டியே தன் முதுகில் அந்தச் சாட்சியைச் சுமந்து வர வேண்டும்.

வி4எல்2இல் 2015இல் சேர்ந்த ‘கடைசி’ என்ற கொடி இதையே செய்கிறது. இப்போதைய ஒழுங்கு இப்படி: செயலி, கையிலுள்ள தகவலை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, ‘நிறுத்து’ என்ற கட்டளையை டிரைவருக்குக் கொடுக்கிறது. இந்தக் கட்டளை உடனடியாக எதையும் நிறுத்தாது. இதற்கு முன் வரிசையில் சேர்ந்த எல்லாவற்றையும் விரித்து முடி, இனி புதிதாக எதையும் எதிர்பார்க்காதே என்பதுதான் அதன் பொருள். டிகோடர் பிடித்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது. கடைசிப் படம் நிரம்பிய பஃபரின் மேலேயே ‘கடைசி’ என்ற கொடியைக் குத்தி அனுப்புகிறது. அதன் பிறகும் செயலி படம் கேட்டால், வரிசை முடிந்துவிட்டது என்று பிழைக்குறி ஒன்று திரும்பி வரும். குறி படத்தோடு ஒட்டியிருப்பதால் முந்திக்கொள்ளவோ பின்தங்கவோ வழியில்லை.

ஆண்ட்ராய்டில் 2012 முதல் உள்ள மீடியாகோடெக் இடைமுகமும் இதே வழியில்தான் நடக்கிறது: கடைசியாக உள்ளே போகும் பஃபரில் முடிவுக் கொடி, வெளியே வரும் கடைசிப் பஃபரிலும் அதே கொடி. உலகெங்கும் காணொளிச் செயலிகள் நம்பியிருக்கும் எஃப்.எஃப்.எம்பெக் நூலகத்தில், வெற்றுப் பொட்டலம் ஒன்றை அனுப்பி, ‘இனி இல்லை’ என்ற பதில் வரும்வரை படங்களைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தனித்தனியாக வளர்ந்த மூன்று அமைப்புகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நுழைவாயிலில் முடிவைச் சொல். வெளிவாயிலில் அது வந்து சேரும்வரை காத்திரு.

கொடியைச் சுமக்கப் படம் இல்லாதபோது

இந்த ஒழுங்கிலும் ஒரு மூலை இருக்கிறது. டிகோடர் தன்னிடம் இருந்த எல்லாப் படங்களையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நூறாவது படமும் செயலியின் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகுதான் ‘நிறுத்து’ என்ற கட்டளை வருகிறது. நூறாவது படம்தான் கடைசி என்பது அதை அனுப்பியபோது டிகோடருக்குத் தெரியாது. இனிக் கொடியை எதன் மேல் குத்துவது?

வி4எல்2 இதற்கு அனுமதி தருகிறது: சுழி பைட் கொண்ட ஒரு பஃபரின் மேல் ‘கடைசி’ கொடியைக் குத்தி அனுப்பலாம். அது படம் அல்ல, செய்தி மட்டும். இதை அறியாத செயலி அந்தப் பஃபரையும் படம் என்று நினைத்துத் திரையில் காட்டிவிடும். பஃபரில் முன்பு கிடந்த பழைய படம் ஒருகணம் மின்னும்; அல்லது நினைவகம் சுழியால் நிரம்பியிருந்தால் திரை பச்சையாகத் தெரியும். காணொளி முடியும்போது ஒருகணம் பச்சை மின்னி மறைவதைப் பார்த்திருந்தால், இதுவும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கொடியைச் சுமந்து வர டிகோடருக்கு ஒரு காலிப் பஃபர் தேவை. ‘நிறுத்து என்று சொல்லிவிட்டோம், இனி எதற்குப் பஃபர்’ என்று செயலி காலிப் பஃபர்களைக் கொடுப்பதை நிறுத்திவிட்டால், டிகோடர் பஃபருக்காகக் காத்திருக்கும். செயலி கொடிக்காகக் காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி என்றென்றைக்கும் நிற்கும். முடிவை அறிவித்த பிறகும் வாங்கும் கை நீண்டே இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம்.

பகுதியின் முடிவும் முழுதின் முடிவும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்திலிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் போகும் ஒருவர் கைபேசியில் நேரலை பார்க்கிறார். சிக்னல் ஓரிடத்தில் வலுவாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் கிடைக்கிறது. காணொளிச் சேவை அதற்கேற்ப 1080 வரித் தெளிவிலிருந்து 480க்கு இறங்கும், பிறகு ஏறும். படத்தின் அளவு மாறியதும் டிகோடருக்குப் பழைய பஃபர்கள் உதவாது. புதிய அளவில் பஃபர்கள் ஒதுக்க வேண்டும். அதற்கு முன் பழைய அளவில் விரித்த படங்கள் எல்லாம் வெளியே போயாக வேண்டும்.

அதாவது பழைய அளவின் ஓட்டம் இங்கே முடிகிறது. வி4எல்2 அந்த அளவின் கடைசிப் படத்தின் மேலும் அதே ‘கடைசி’ கொடியைத்தான் குத்துகிறது. கூடவே, ‘மூலம் மாறிவிட்டது’ என்ற நிகழ்வுச் செய்தியையும் அனுப்புகிறது. கொடியைக் கண்டதும் செயலி அந்தச் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் புதிய பஃபர்களோடு ஓட்டம் தொடரும். வராமல், நாமே நிறுத்தச் சொல்லியிருந்தால் மட்டுமே உண்மையான முடிவு. கொடியை மட்டும் பார்த்து முடிவு கட்டும் செயலியில், சிக்னல் மெலியும் இடத்தில் காணொளி பாதியில் நின்றுபோகும். ஒலிம்பியாட்டில் ஐந்தாம் சுற்று முடிந்ததைப் போட்டியே முடிந்ததாக எடுத்துக்கொண்டு யாரும் ஊருக்குக் கிளம்புவதில்லை. மனிதருக்குச் சூழல் தெரியும். மென்பொருளுக்கு அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

பார்வையாளர் விரலால் இழுத்து, ஐந்து நிமிடத்துக்கு முந்தைய நகர்த்தலுக்குப் போனால் நிலைமை வேறு. அப்போது சிப்பில் தங்கியிருக்கும் படங்கள் யாருக்கும் வேண்டாம். அவற்றைக் காட்டினால்தான் தவறு. எனவே வரிசையையே அணைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். டிகோடரைக் காலி செய்ய இப்படி இரண்டு வழிகள்: கொடுத்துக் காலி செய்வது, கொட்டிக் காலி செய்வது. எது எப்போது என்று பிரித்தறியாத நிரல், ஒரு பக்கம் வேண்டிய படத்தை இழக்கும்; இன்னொரு பக்கம் வேண்டாத படத்தைக் காட்டும்.

படங்களின் வரிசையை நினைவில் வைக்கும் பொறுப்பு சிப்பிடம் இருப்பதால்தான் இத்தனை ஏற்பாடும். நினைவு வைக்காத சிப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தப் படம் எதைச் சார்ந்தது என்பதைச் செயலியே ஒவ்வொரு முறையும் சொல்லித் தரும். சிப்பு விரித்துக் கொடுப்பதோடு சரி. அங்கே நிறுத்தும் கட்டளை தேவையில்லை. கொடுத்த வேலைகள் எல்லாம் முடியும்வரை காத்திருந்தால் போதும். யார் நினைவு வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் முடிவைச் சொல்ல வேண்டும் என்ற பொது விதி இதிலிருந்து கிடைக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்க

இந்த அறிவு பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்களில் பூட்டிக் கிடக்கவில்லை. லினக்ஸ் கருவின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் விகோடெக் என்ற கற்பனை டிகோடர் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. உண்மையான சிப்பு எதுவும் இல்லாமல், சாதாரண மடிக்கணினியிலேயே அது டிகோடர்போல இயங்கும். நிறுத்தும் கட்டளை, கடைசிக் கொடி, அளவு மாற்றம் ஆகிய எல்லாவற்றையும் விதிப்படி செய்து காட்டும். விலையுயர்ந்த கருவி இல்லை என்பது இனி ஒரு தடையில்லை.

சிறுசேரியிலும் மறைமலைநகரிலும் பரனூரிலும் மென்பொருள் எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காணொளியைத் தொடும் நிரல் எதை எழுதினாலும், அது ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே ஒரு படம் கொண்ட கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். அந்தப் படம் வெளியே வர வேண்டும். 100 படங்கள் கொண்ட கோப்பைக் கொடுத்து, வெளியே வந்தவற்றை எண்ணுங்கள். 99 வந்தால் நிரல் தவறு. எல்லாப் படங்களும் வெளியே வந்த பிறகு முடிவைச் சொல்லிப் பாருங்கள். வெற்றுப் பஃபரைப் படமாகக் காட்டக் கூடாது. நடுவில் அளவு மாறும் கோப்பைக் கொடுங்கள். ஓட்டம் நிற்கக் கூடாது. கணினியில் வேறு வேலைகளை ஏற்றி மெதுவாக்கிவிட்டு இவை அத்தனையையும் மீண்டும் செய்யுங்கள். விடை மாறக் கூடாது.

காணொளியின் நடுவில் ஒரு படம் தவறினால் அடுத்த படம் அதை மறைத்துவிடும். கடைசிப் படத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பின்னால் எதுவும் வரப்போவதில்லை. ஒரு டிகோடர் டிரைவர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை அதன் கடைசிப் படத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.